நோட்டே வரலை, ஸ்பெஷல் ஸ்கூலில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

கேள்வி கேட்ட அம்மா கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பையனுக்கு ஒன்பது வயது, அறிவுசார் குறைபாடு என்று சான்றிதழ் இருக்கிறது, இந்த ஜூனில்தான் ஸ்பெஷல் ஸ்கூலில் சேர்த்திருக்கிறார். டைரியில் அத்தப்பூ (ஓணத்துக்குப் போடுகிற பூக்கோலம்) போட்டோம், பந்து உருட்டினோம், கடைக்குக் கூட்டிப்போனோம் என்றுதான் எழுதி வருகிறது, ஒரு எழுத்துகூட எழுதிக் காணோம், இது படிப்பா பொழுதுபோக்கா என்பது அவருடைய முதல் கேள்வி. பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ், பையன் குழம்பிப்போவான், பொள்ளாச்சிக்கு மாற்றிவிடு என்று மாமியார் வீட்டில் சொல்கிறார்கள், மாற்றலாமா என்பது இரண்டாவது. சாயங்காலம் வேனை விட்டு இறங்கி வீட்டுக்குள் வந்ததும் அடிக்கிறான், கடிக்கிறான், ஏன் என்பது மூன்றாவது. நான் இந்த எல்லைப் பக்கத்தில் ஸ்பெஷல் டீச்சராக வேலை பார்ப்பவள், மூன்றுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் நோட்டு விஷயம். சாதாரணப் பள்ளியில் பாடத்திட்டம் முதலில் இருக்கும், பிள்ளை அதற்குள் வந்து உட்கார வேண்டும். இங்கே பிள்ளையைப் பார்த்துவிட்டுத்தான் பாடத்திட்டமே எழுதுவோம், அதனால் சேர்ந்த முதல் சில வாரங்கள் டீச்சர் எதுவுமே சொல்லிக்கொடுக்காத மாதிரிதான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். பையன் பட்டன் போடுகிறானா, செருப்பை இடம் வலம் மாற்றாமல் போடுகிறானா, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, சிவப்புப் பந்தை எடு என்றால் எடுக்கிறானா, பசித்தால் கேட்கிறானா இல்லை அழுகிறானா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொண்டிருப்பார்கள். இதற்கென்று பட்டியல்கள் உண்டு. செகந்தராபாத்தில் 1984-ல் தொடங்கிய தேசிய நிறுவனம் (அப்போது என்.ஐ.எம்.எச்., இப்போது என்.ஐ.இ.பி.ஐ.டி.) உருவாக்கிய எஃப்.ஏ.சி.பி. என்ற பட்டியலைத்தான் நிறையப் பள்ளிகளில் பயன்படுத்துகிறோம். தன் வேலையைத் தானே செய்வது, பிறரோடு பழகுவது, படிப்பு, தொழில், பொழுதுபோக்கு என்று ஐந்து பிரிவு அதில். நம்ம மெட்ராஸிலேயே உருவான எம்.டி.பி.எஸ். என்ற இன்னொன்றும் உண்டு, 18 பிரிவு, பிரிவுக்கு 20 வீதம் மொத்தம் 360 வரி. எதை வைத்தாலும் நோக்கம் ஒன்றுதான், இந்தப் பையனுக்கு இன்றைக்கு என்ன வரும், அதற்கு அடுத்த படி எது என்று கண்டுபிடிப்பது.

கண்டுபிடித்த பிறகு அந்த டெர்முக்கு மூன்றோ நான்கோ குறிக்கோள் எழுதுவோம். ஐ.இ.பி. (ஒரு பிள்ளைக்கென்று எழுதுகிற தனிக் கல்வித் திட்டம்) என்று டீச்சர்கள் சொல்வது இந்தத் தாளைத்தான். நீங்கள் பள்ளியில் கேட்க வேண்டியதும் இந்தத் தாளைத்தான், நோட்டை இல்லை. கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள். "மொழித்திறன் வளரும்", "சமூகத்திறன் மேம்படும்" என்று பொத்தாம்பொதுவாக இருந்தால் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்து இன்னும் விவரமாக எழுதச் சொல்லலாம், அதில் தப்பே இல்லை. "சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் குழாயடியில் வைப்பான், ஒரு தடவை வாயால் சொன்னால் போதும், பத்துக்கு எட்டு முறை" என்று இருந்தால் அது குறிக்கோள். டெர்ம் முடியும்போது நடந்ததா இல்லையா என்று யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லிவிடலாம். இதில் "ஒரு தடவை வாயால் சொன்னால்" என்று இருக்கிறதே, அதைக் கவனியுங்கள். கையைப் பிடித்துச் செய்ய வைப்பது, வாயால் சொல்லிச் செய்ய வைப்பது, சின்ன ஜாடை காட்டினால் செய்வது, யாரும் சொல்லாமல் தானே செய்வது என்று உதவிக்குப் படி இருக்கிறது. ஒரு டெர்மில் பையன் புதுசாக ஒரு வேலைகூடக் கற்றுக்கொள்ளாமல், கைபிடித்துச் செய்த நான்கு வேலையை வாயால் சொன்னால் செய்கிற அளவுக்கு வந்திருந்தால் அது பெரிய முன்னேற்றம். நோட்டில் அது தெரியாது.

சரி, அத்தப்பூவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? செண்டுமல்லியை இதழ் இதழாகப் பிய்க்கக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், பென்சில் பிடிக்கவும் பட்டன் போடவும் வேண்டியது அதே பிடிதான். மஞ்சளை ஒரு தட்டில், வாடாமல்லியை இன்னொரு தட்டில் பிரிப்பது நிறம். சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே போகாமல் பூவை நிரப்புவது, அடுத்தவன் முடிக்கிற வரைக்கும் காத்திருப்பது, உட்கார்ந்த இடத்தில் பத்து நிமிஷம் உட்காருவது எல்லாம் அந்த ஒரு கோலத்துக்குள் இருக்கிறது. கோலம் கோணலாக வந்தால் பரவாயில்லை. டீச்சரே அழகாகப் போட்டு முடித்துவிட்டு, பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்து போட்டோ எடுத்து குரூப்பில் போட்டார்கள் என்றால்தான் எனக்குக் கோபம் வரும். அப்படியும் நடக்கிறது, நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

பந்து உருட்டுவது 'போச்சே' (Bocce) என்ற விளையாட்டாக இருக்கும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸில் இருக்கிற விளையாட்டு அது, பக்கத்துக்கு நான்காக எட்டுப் பெரிய பந்து, குறி வைக்க ஒரு குட்டிப் பந்து, யாருடைய பந்து குட்டிப் பந்துக்குப் பக்கத்தில் போகிறதோ அவர்களுக்குப் புள்ளி. ஓடத் தெரியாத பிள்ளையும் ஆடலாம், சக்கர நாற்காலியில் இருந்தும் ஆடலாம், அண்ணன் தம்பியோடு வீட்டு வாசலிலும் ஆடலாம். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் போட்டிகளில் கலந்துகொள்ள எட்டு வயது ஆகியிருக்க வேண்டும், உங்கள் பையனுக்கு ஒன்பது, அதனால் டீச்சரிடம் இதைப் பற்றிக் கேட்டு வையுங்கள்.

கடைக்குப் போவதுதான் எல்லாவற்றிலும் கனமான பாடம், ஆனால் பெற்றோர் பலருக்கு அதுதான் வேடிக்கையாகத் தெரிகிறது. ரோட்டோரமாக நடப்பது, லாரி வந்தால் நிற்பது, என்ன வாங்க வேண்டும் என்று படம் ஒட்டிய அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பது, கடைக்காரர் வேறு ஆளுக்குச் சாமான் கட்டுகிற வரைக்கும் பொறுத்து நிற்பது, அட்டையைக் காட்டுவது, பத்து ரூபாய் நாணயத்தைக் கொடுப்பது, மிச்சத்துக்குக் கை நீட்டுவது. ஒவ்வொன்றையும் வகுப்பில் பொம்மைக் கடை வைத்துப் பழக்கியிருப்பார்கள், ஆனால் வகுப்பில் வருகிற வேலை ரோட்டில் வராது, இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு இடத்தில் கற்றதை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோவதுதான் பெரிய சிரமம். அதனால்தான் நிஜக் கடைக்கே போகிறோம். நீங்களும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருக் கடையில் அதே அட்டையை வைத்து அதே ஒரு சாமானை அவனை வாங்க வையுங்கள். கடைக்காரரிடம் முன்னாடியே சொல்லிவைத்தால் அவரும் அவசரப்படுத்தமாட்டார், நம் ஊர்க் கடைக்காரர்கள் இந்த விஷயத்தில் ரொம்ப நல்லவர்கள்.

வீட்டில் சொல்லிக்கொடுக்க ஒரு வழி சொல்கிறேன், இது தெரிந்தால் பாதிச் சண்டை குறையும். டிரவுசர் போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் படியிலிருந்து ஆரம்பித்தால் காலை நுழைப்பதிலேயே அவனுக்கும் உங்களுக்கும் பொறுமை போய்விடும். அதற்குப் பதில் நீங்களே இடுப்பு வரை ஏற்றிவிட்டு, கடைசியாக ஒரு இழுப்பு மட்டும் அவனை இழுக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்தது என்ற சந்தோஷம் அவன் கையில் முடியும். அது நன்றாக வந்த பிறகு முட்டியிலிருந்து இழுப்பது, அப்புறம் கணுக்காலிலிருந்து. கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிப் போகிற இந்த முறையைச் சாப்பாடு, குளியல், பல் தேய்ப்பு எல்லாவற்றுக்கும் பயன்படுத்தலாம். யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்கும்போது எலாஸ்டிக் இடுப்பு வைக்கச் சொல்லுங்கள், ஜிப்பும் ஹூக்கும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பேச்சுப் பயிற்சி, கைவேலைப் பயிற்சி, பிசியோதெரபி எல்லாம் டைம்டேபிளில் வாரத்துக்கு ஒன்றிரண்டு வேளைதான் வரும். அந்த அரைமணி நேரத்தால் மட்டும் பெரிதாக எதுவும் மாறிவிடாது, தெரபிஸ்ட் சொன்னதை டீச்சரும் ஆயாவும் நீங்களும் நாள் முழுக்கச் செய்தால்தான் பலன். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஓணச் சத்யை விருந்தில் பாயசம் ஊட்டும்போது தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றவே கூடாது, புரை ஏறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நேராக உட்காரவைத்து, தாடை கொஞ்சம் கீழே இறங்கியபடி, சின்னச் சின்ன வாயாக. எந்தப் பதத்தில் கொடுத்தால் அந்தப் பிள்ளை விழுங்கும் என்று பேச்சுப் பயிற்சியாளரிடம் முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேரளத்தில் ஜூனிலிருந்து ஓணம் வரை முதல் டெர்ம், இது மழை லீவு, காய்ச்சல் என்று துண்டு துண்டாகத்தான் போகும், புதுப் பிள்ளை பள்ளியில் அழாமல் இருக்கப் பழகினாலே போதும் என்பது என் கணக்கு. ஓணத்திலிருந்து கிறிஸ்துமஸ் வரைதான் ஒழுங்காக வேலை நடக்கிற காலம், ஆனால் அதில்தான் கலோற்சவப் (பள்ளிக் கலைவிழா) பயிற்சியும் வரும். ஸ்பெஷல் பள்ளிகளுக்கென்று மாநில அளவிலேயே தனிக் கலோற்சவம் இருக்கிறது, மேடை ஏறுகிற பிள்ளைகளுக்கு அது தருகிற தைரியத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நன்றாக ஆடுகிற நாலு பிள்ளைகளுக்காக மற்ற பிள்ளைகள் வாரக்கணக்கில் பாயில் சும்மா உட்கார்ந்திருந்தால் தலைமை ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள். டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினம், அன்றைக்குச் சால்வையும் மைக்கும் கூடுதலாக இருக்கும். ஒரு பள்ளியை எடைபோட அந்த நாளில் போகாதீர்கள், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் போய்ப் பாருங்கள். கழிப்பறை ஈரமில்லாமல் இருக்கிறதா, எத்தனை பிள்ளைகள் கையில் ஏதாவது வேலை இருக்கிறது, டீச்சர் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாரா, இந்த மூன்றும் போதும். ஜனவரிக்கு மேல் மூன்றாவது டெர்ம், திரும்ப அதே பட்டியலை வைத்து ஜூனில் எங்கே இருந்தான், இப்போது எங்கே இருக்கிறான் என்று பார்ப்பார்கள். அந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லி, இரண்டையும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பள்ளி மாறினால் புது டீச்சர் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான்.

இனி மொழி. இரண்டு மொழி கேட்டால் பிள்ளைக்குப் பேச்சு வராது, வீட்டிலும் மலையாளமே பேசுங்கள் என்று டாக்டர்களே சிலர் சொல்லிவிடுகிறார்கள், கேட்காதீர்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் இரண்டு மொழிக்குள் வளர்வதைப் பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள், இரண்டாவது மொழியால் பேச்சு பின்தங்குவதாகத் தெரியவில்லை. உங்களுக்கு ஓடாத மொழியில் நீங்கள் அரைகுறையாகப் பேசினால் பையனுக்குக் கிடைக்கிற பேச்சே குறைந்துபோகும், பாட்டியோடு பேசவும் ஆளிருக்காது. நீங்கள் தமிழிலேயே பேசுங்கள். செய்ய வேண்டியது ஒன்றுதான், தண்ணீர், சாப்பாடு, ஒன்றுக்கு, இரண்டுக்கு, வலி, போதும், வேண்டாம் இப்படி அவசியமான இருபது முப்பது சொல்லுக்கு உங்கள் வீட்டில் என்ன சொல்கிறீர்களோ அதை அப்படியே எழுதி டீச்சரிடம் கொடுத்துவிடுங்கள், ஆயாவுக்கும் வேன் டிரைவருக்கும் ஒரு நகல். உங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவில் தமிழ்வழிப் பள்ளிகளே இருக்கின்றன, பாதிப் பேருக்குத் தமிழ் புரியும், அதனால் அங்கே யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். பேச்சே வராத பிள்ளையானால் இரண்டு இடத்திலும் ஒரே பட அட்டை இருக்கட்டும், படத்துக்கு மொழி கிடையாது. போனில் வேண்டுமென்றால் படத்தைத் தொட்டால் சொல்லைப் பேசுகிற, சென்னையில் உருவான ஆவாஸ் செயலி இருக்கிறது, ஆனால் தொடக்கத்திலேயே போனைக் கையில் கொடுக்காமல் அட்டையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன்.

பொள்ளாச்சிக்கு மாற்றுவதா என்றால், மொழிக்காக மட்டும் என்றால் வேண்டாம். தினமும் காலையும் மாலையும் வேனில் குலுங்கிப் போய் வந்தால் பையனுக்கு இருக்கிற தெம்பு வேனிலேயே தீர்ந்துவிடும். அங்கே இன்னும் நல்ல டீச்சர், இன்னும் குறைவான பிள்ளைகள் என்றால் அது வேறு கணக்கு. மாநிலம் மாறுகிற முடிவை எடுக்கும் முன் காகிதங்களைப் பாருங்கள். யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இந்தியா முழுக்கச் செல்லும், ஆனால் மாநில அரசு கொடுக்கிற உதவித்தொகை அந்தந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான். தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மாதம் கொடுக்கிற பராமரிப்புத் தொகையை 2023-ல் 1,500-லிருந்து 2,000 ஆக்கினார்கள், அதைக் கேள்விப்பட்டு ரேஷன் கார்டைத் தம்பி வீட்டுக்கு மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அப்புறம் இங்கே இருப்பதும் போய் அங்கேயும் கிடைக்காமல் தாலுக்கா ஆபீசுக்கு நடப்பார்கள். மாறுவதாக இருந்தால் முழுக் குடும்பமாக, முறையாக மாறுங்கள். 2016-ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயதிலிருந்து 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ ஸ்பெஷல் பள்ளியிலோ இலவசக் கல்விக்கு உரிமை உண்டு, அது எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான்.

மூன்றாவது, அடி. பள்ளியில் ஒழுங்காக இருக்கிறான், வீட்டில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். நாள் முழுக்க அடக்கி வைத்தது வீட்டுக்கு வந்ததும் வெளியே வருவது சகஜம்தான், ஆனால் அதை மட்டும் காரணமாக வைத்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். முதலில் உடம்பைப் பாருங்கள்: பல் வலி, காது வலி, மலச்சிக்கல், தூக்கமின்மை. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை கையால்தான் சொல்லும். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவனாக இருந்து சமீபத்தில் மாத்திரையோ அளவோ மாறியிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். (அந்தச் சீட்டின் நகல் பள்ளியில் இருக்கட்டும், வலிப்பு ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று டீச்சருக்கும் ஆயாவுக்கும் தெரிந்திருக்கட்டும்.) உடம்பில் ஒன்றும் இல்லை என்றால் இரண்டு வாரம் ஒரு தாளில் குறியுங்கள்: அடிப்பதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, என்ன செய்தான், அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள். வேனிலிருந்து இறங்கும்போது பசியா, டி.வி.யை யாராவது அணைத்தார்களா, உடனே குளிக்கச் சொன்னீர்களா? அடித்ததும் போனைக் கொடுத்துச் சமாதானப்படுத்தினீர்களா? அப்படியென்றால் அடித்தால் போன் கிடைக்கும் என்று அவன் கற்றுக்கொண்டுவிட்டான், அவன் தலையில் புத்தி இல்லை என்று யார் சொன்னது. இறங்கியதும் முதலில் சாப்பிட ஏதாவது, பத்து நிமிஷம் யாரும் பேசாமல் விடுவது, அப்புறம் மற்றதெல்லாம் என்று வரிசையை மாற்றினாலே பல வீடுகளில் பாதி அடங்கிவிடுகிறது. பள்ளியில் செண்டை மேளம் அடித்துப் பழகுகிற நாட்களில் மட்டும் அதிகமாக இருக்கிறதா என்றும் பாருங்கள், சத்தம் தாங்காத பிள்ளையைத் தூரத்தில் நிறுத்தவோ காதுக்கு ஹெட்போன் மாட்டவோ டீச்சரிடம் சொல்லலாம். திருப்பி அடிக்காதீர்கள். பள்ளியிலும் யாரும் அடிக்கக் கூடாது, கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது, "இவனுக்கெல்லாம் அடிதான் பாஷை" என்று எந்த டீச்சராவது சொன்னால் எழுத்தில் புகார் கொடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, நிராமயா. மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் மருத்துவக் காப்பீடு அது, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவும் அதில் ஒரு அளவுக்கு வரும். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் லீவு. ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் பத்துப் பத்து நாள், தைப்பொங்கலுக்குப் பாலக்காடு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை உண்டு. தீபாவளிக்கு இங்கே ஒரு நாள்தான், நம் ஆட்கள் ஊருக்குப் போனால் ஒரு வாரம் ஆகிவிடும். போங்கள், தாத்தா பாட்டி வீட்டுக்குப் போகாதே என்று எந்த டீச்சரும் சொல்லமாட்டார். ஆனால் கழிப்பறைக்குப் போகிற நேரம், மாத்திரை நேரம், அந்த டெர்மில் பழகிக்கொண்டிருக்கிற ஒரே ஒரு வேலை, இந்த மூன்றையும் ஊரிலும் விடாதீர்கள். பாட்டி பாசத்தில் ஊட்டிவிடுவார், அங்கேதான் கொஞ்சம் பிரச்சினை வரும், "அத்தை, கடைசி நாலு வாய் அவனே சாப்பிடட்டும்" என்று நீங்கள்தான் சொல்லியாக வேண்டும்.